மைக் இல்லாத காட்சி

"அந்த மைக்கை இப்படித் தா மக்களே. படத்தை நான் ஒண்ணும் செய்யமாட்டேன்."

முத்துநாயகம் கையை நீட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் ஜஸ்னா நம்பவில்லை.

"எதுக்கு மொதலாளி?"

"எனக்கு வேணும்."

"நாலு மணிக்குப் படம் இருக்கு. மைக் இல்லாம எப்படி?"

"படத்துக்குத்தான் கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடுதே. படிச்சவங்க படிச்சுக்கிடட்டும்."

விஷயம் பிடிபட்டுவிட்டது. மைக்கைப் பிடித்திருந்த ஜஸ்னாவின் விரல்கள் இறுகின.

குளச்சல் கடற்கரையில், ஒரு பழைய வலைக்கூடத்தில், உலகத் திரைப்பட விழா. முதலில் கேட்டபோது நாகர்கோவிலில் சிரித்தவர்கள்தான் அதிகம். ஆனால் ஜஸ்னாவின் கணக்கு வேறு. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில், ஆள் வீட்டில், மழை கூரையில். வலைக்கூடமும் சும்மாதான் கிடக்கும். கூடத்துக்கும் மூன்று விசைப்படகுகளுக்கும் முதலாளியான முத்துநாயகத்திடம் நேரே போய்க் கேட்டாள். வாசலில் தன் படம் போட்ட பேனர் வைப்பதானால் சரி என்றார். வைத்தார்கள். ஈரானுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் அவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

விழாவுக்கு வந்தவர்களில் பாதி, கரையில் மீன் விற்கும் பெண்கள். கீழே ஓடும் எழுத்தை அவர்கள் எங்கே படிக்க? அதற்குத்தான் ஜஸ்னா. ஷார்ஜாவில் ஐந்து வருஷம், பெரிய கடை ஒன்றில் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் சொன்ன குரல் அவளுடையது. திரைக்குப் பக்கத்தில் நின்று, எழுத்து ஓட ஓடத் தமிழில் சொல்லுவாள். அதுவும் குளச்சல் தமிழில். கொரியாக்காரன் ஒருவன் "ஒன்னைப் பாக்காம எனக்கு ஒறக்கம் வரல்ல பிள்ளே" என்று காதலைச் சொன்னான். போலந்துக் கிழவி மருமகளை "ஏட்டி மூதேவி" என்று விரட்டினாள். கூடம் குலுங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த சினிமாக்காரர்கள் முதல் நாள் மைக்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். மறுநாள் கிழவி வசனத்துக்கு அவர்களும்தான் சிரித்தார்கள்.

இன்று கடைசிப் படம். 'வடக்குக் கரைப் பெண்கள்'. போர்ச்சுகல் நாட்டுப் படம்.

"யாரோ எங்கிட்டே வந்து கதை சொன்னாங்க" என்றார் முத்துநாயகம். "படகு ஒண்ணு முங்குதாம். செத்தவங்க பொண்டாட்டிமாரு எல்லாரும் சேந்து படகுக்காரனைக் கேள்வி கேக்குதாளுவளாம். அப்படியா?"

"அது அங்கத்த கதை மொதலாளி."

"அங்கத்த கதை அங்கத்த பாஷையிலேயே இருக்கட்டும்."

"நான் சும்மா இருக்கமாட்டேன்னா?"

"மெயின் சுவிட்சை அமத்துவேன். விழாவும் முடிஞ்சு, கூடமும் முடிஞ்சு." சிரிப்பு மாறவேயில்லை. "பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்க. படத்தை நிறுத்தினா நாளைக்கு எம் பேரு நாறும். அதனால படம் ஓடட்டும். ஒனக்க வாய் மட்டும் ஓடப்படாது."

ஜஸ்னா மைக்கைக் கொடுத்துவிட்டாள்.

அவர் கூடத்தைத் தாண்டிப் போகும்வரை பொறுத்திருந்த பர்வேஸ், புரொஜக்டருக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தான். அவளுடைய அண்ணன். விழாவுக்கு இருந்த ஒரே தொழிலாளியும் அவன்தான்.

"ஏட்டி, ஒனக்குப் பைத்தியமா? குடுத்திட்டியே!"

"படமாவது ஓடட்டும் காக்கா. ஸ்மிதா கண்ணாலயாவது பாக்கட்டும்."

"ஸ்மிதாவுக்கு நீ குடுத்த வாக்கு?"



ஸ்மிதாவின் புருஷன் சுதன், முத்துநாயகத்தின் படகில் போனவன். போன வருஷம் ஐப்பசி மழையில். காற்று வருகிறது, கரை திரும்புங்கள் என்று ஒயர்லெஸ்ஸில் அறிவிப்புப் போனது. கடலில் நின்ற படகெல்லாம் திரும்பின. அது மட்டும் திரும்பவில்லை. சுதனோடு இன்னும் இரண்டு பேர்.

ஒக்கிப் புயலுக்குப் பிறகு இந்தக் கரையில் ஒயர்லெஸ் என்றால் உயிர். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படகேறப் போன அன்று காலையில் சுதன் ஸ்மிதாவிடம் சொல்லியிருந்தான்: "செட்டு ஊமை ஸ்மிதா. கரகரன்னு சத்தம் மட்டுந்தான். மொதலாளிகிட்ட சொல்லியாச்சு. அடுத்த தடவை பாப்போம்ங்காரு."

முத்துநாயகம் ஊரெல்லாம் சொன்னது வேறு. "செட்டு நல்ல செட்டு. கடல் எடுத்துட்டு. நான் என்ன செய்ய?"

ஸ்மிதா ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் வீட்டு வாசலில், நாலு பேர் முன்னால். அந்த நாலு பேரும் கடலைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், அவளை மட்டும் பார்க்கவில்லை. யாரைச் சொல்ல? ஒருத்தியின் புருஷன் அவருடைய படகில் போகிறான், இன்னொருத்தியின் அண்ணன் போகிறான். அன்றோடு ஸ்மிதா வாயை மூடிக்கொண்டாள். விழாவுக்கு வந்தாலும் கடைசியில், தார்ப்பாய்க்குப் பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

நேற்றுத்தான் ஜஸ்னாவிடம் பேசினாள்.

"கடைசிப் படத்துல ஒருத்தி கேள்வி கேக்குதாளாமே?"

"ஆமா. பெனெடிட்டான்னு பேரு."

"எங்க வச்சுக் கேக்குதா?"

"கோயில் முற்றத்துல. ஊரு பூரா நிக்கும்போது."

ஸ்மிதா சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, "அவ என்ன சொல்லிக் கேக்குதான்னு எனக்கு ஒரு வார்த்தை விடாம சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்லுதேன்" என்றிருந்தாள் ஜஸ்னா.

இப்போது மைக் முத்துநாயகத்தின் மடியில் இருந்தது.

நாலு மணி. தகரக் கூரையில் மழை. சுற்றிலும் தார்ப்பாய் இறக்கிக் கூடத்தை இருட்டாக்கியிருந்தார்கள். முத்துநாயகம் மெயின் சுவிட்சுக்குக் கீழேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். திரையைப் பார்க்கவில்லை, ஜஸ்னாவைத்தான் பார்த்தார். அவள் பெண்கள் நடுவில், தரையில், இன்றைக்கு நடுவில் வந்திருந்த ஸ்மிதாவின் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தாள். ஒரு முணுமுணுப்புப் போதும், அவர் கை சுவிட்சுக்குப் போய்விடும்.

படம் தொடங்கியது. சாம்பல் நிறக் கடல். படகு ஒன்று கரையை விட்டுப் போனது. ஆட்கள் ஏதோ பேசினார்கள். தமிழ் வரவில்லை.

"ஏட்டி ஜஸ்னா, தொண்டை கட்டிட்டா?"

கேட்டவள் நாகம்மை. இராஜாக்கமங்கலத்திலிருந்து விடியுமுன் வந்து, குளச்சலில் மீன் எடுத்து, உள்ளே உள்ள ஊர்களில் கொண்டுபோய் விற்கிறவள். அவள் விலை கேட்டால் அடுத்த தெருவில் ஆள் திரும்பிப் பார்க்கும். தடைக்காலத்தில் மீன் இல்லை, ஆனால் தொண்டை அப்படியே இருந்தது.

ஜஸ்னா வாயைத் திறக்கவில்லை. கண்ணால் மட்டும் முதலாளியின் மடியைக் காட்டினாள்.

நாகம்மை பார்த்தாள். பக்கத்திலிருந்தவள் பார்த்தாள். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. கூடத்தில் சலசலப்பு அடங்கியது. மழை மட்டும் கேட்டது.

திரையில் பெண்கள் கரையில் காத்து நின்றார்கள். படகு வரவில்லை. இருட்டியது, விடிந்தது, வரவில்லை. கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு பெனெடிட்டா படகுக்காரன் வீட்டுக்குப் போனாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எழும்பி, நிதானமாக வாயைத் துடைத்து, நீளமாக ஏதோ சொன்னான்.

கீழே எழுத்து ஓடியது. அந்த எஞ்சின் இருபது வருஷம் உழைத்தது. இது கடவுளின் விருப்பம். ஜஸ்னா படித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஸ்மிதாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. "என்ன சொல்லுதான்?"

முத்துநாயகம் சுவிட்சைத் தொட்டார்.

"இதுக்கு எதுக்கு ஜஸ்னா?" நாகம்மையின் குரல் மழையைத் தாண்டி எழும்பியது. "நமக்குக் கண்ணு இல்லியா? நான் சொல்லுதேன். 'கடல் எடுத்துட்டு. நான் என்ன செய்ய?' அதாக்கும் சொல்லுதான்!"

 எங்கேயோ ஒரு மூலையில் சிரிப்பு வெடித்தது. அந்த வசனத்தைக் கரையில் கேட்காதவர் யார்?

திரையில் பெனெடிட்டா பதில் சொன்னாள். தார்ப்பாய்ப் பக்கமிருந்து இன்னொரு குரல் அதற்குத் தமிழ் கொடுத்தது.

"'கடல் எடுத்துட்டா? ஏன், கடலுக்கு ஒம்ம வீட்டு அட்ரஸ் தெரியாதோ?'"

படகுக்காரன் ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைக் கைகாட்டினான். நாகம்மை தயாராக இருந்தாள்.

"'எம் படகு எப்பேர்ப்பட்ட படகு! போன மாசந்தான் பெயிண்ட் அடிச்சேன்!'"

"'பெயிண்ட் நீந்துமா மொதலாளி?'"

கூடம் அதிர்ந்தது. முத்துநாயகம் எழும்பிவிட்டார்.

"யாரும் சத்தம் போடப்படாது! மரியாதையாப் படம் பாருங்க!"

"நாங்க படந்தான் பாக்குதோம். நீங்க இரியுங்க, மறைக்குது" என்றாள் நாகம்மை.

சுவிட்சை அமர்த்தலாம். ஆனால் முன்வரிசையில் இருந்த பத்திரிகைக்காரர்கள் திரையை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜஸ்னாவோ வாயே திறக்கவில்லை. சொன்ன சொல்லை அவள் மீறவில்லை. எதைச் சொல்லி அமர்த்துவது? முத்துநாயகம் உட்கார்ந்தார்.

அதன்பிறகு படம் போர்ச்சுகலில் ஓடவில்லை. பெனெடிட்டாவின் அம்மாவுக்கு ஒருத்தி பேசினாள். பாதிரியாருக்கு ஒருத்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினாள். பாதிரியார் தப்பாகப் பேசுகிறார் என்று இன்னொருத்தி சண்டைக்குப் போனாள். "அவரு கையைப் பாருட்டி, அடங்கி இருன்னு சொல்லுதாரு!" "அடங்கவா? போ எழவே, ஆறுதல் சொல்லுதாரு!" கீழே ஓடிய எழுத்துக்கும் கூடத்தில் கேட்ட பேச்சுக்கும் சில இடத்தில் மயிரிழை வித்தியாசம், சில இடத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஜஸ்னா இரண்டையும் கேட்டுக்கொண்டு வாயைப் பொத்தியபடி இருந்தாள். சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

கோயில் முற்றம் வந்தது.

திரை முழுக்க ஊர். பூசை முடிந்து எல்லோரும் வெளியே வருகிறார்கள். படகுக்காரன் தொப்பியைத் தலையில் வைக்கப் போகிறான். பெனெடிட்டா குறுக்கே வந்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

நாகம்மை மூச்சை இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். மற்ற யாரும் பேசவில்லை. அந்த ஒரு வசனத்தை எடுக்க ஒருத்தியும் முன்வரவில்லை.

எல்லாத் தலையும் ஸ்மிதா பக்கம் திரும்பியது. வானத்தையும் கடலையும் பார்த்தவர்கள் இன்றைக்கு அவளைப் பார்த்தார்கள்.

ஸ்மிதா எழும்பினாள். புரொஜக்டர் வெளிச்சத்தில் அவள் நிழல் பெனெடிட்டாவின் பாவாடைமேல் விழுந்தது.

"ஒயர்லெஸ் வேலை செஞ்சுதா?"

ஜஸ்னாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தப் படத்தில் ஒயர்லெஸ்ஸே கிடையாது! கதை நடப்பது அந்தக் காலம். படகில் ஒரு ரேடியோ பெட்டிகூட இல்லை. பெனெடிட்டா கேட்டது எஞ்சினைப் பற்றி. தானே மைக்கில் சொல்லியிருந்தால் எஞ்சின் என்றுதான் சொல்லியிருப்பாள். கூடம் உச்சுக் கொட்டிவிட்டு, பாவம் போர்ச்சுகல்காரி என்று வீட்டுக்குப் போயிருக்கும். மைக்கைப் பிடுங்கின மனுஷன் தன் கையாலேயே படத்தைக் குளச்சலுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

திரையில் படகுக்காரன் இழுத்து இழுத்து ஏதோ தொடங்கினான். வாய் அசைந்தது. யாரும் அவனுக்குப் பேசவில்லை.

"நாகம்மை, சொல்லேன்" என்றாள் ஒருத்தி.

"மாட்டேன். இந்த வசனத்தை அவரே சொல்லட்டும்."

நாகம்மை கைகாட்டியது திரையை அல்ல.

"பொய்!" முத்துநாயகம் பாய்ந்து எழும்பினார். நாற்காலி சாய்ந்தது. "படத்துல அப்படி இல்லவே இல்ல! எலே பர்வேஸ், நிறுத்து!"

பர்வேஸ் நிறுத்தினான். கோயில் முற்றம் அசையாமல் நின்றது.

"ஜஸ்னா, எழும்பு! நீ படிச்சவதானே? கீழே என்ன எழுதியிருக்கு? ஒயர்லெஸ்னு இருக்கா?"

"இப்ப நான் பேசலாமா மொதலாளி?"

"பேசு!"

"இல்ல. ஒயர்லெஸ்னு இல்ல."

"கேட்டியளா எல்லாரும்? இல்லியாம்!" வெற்றி அவர் குரலில் ஏறியது. "எல்லாருக்கும் கேக்கும்படி சொல்லு. இந்தா!"

மைக்கை அவரே நீட்டினார்.

ஜஸ்னா வாங்கினாள். விழா தொடங்கின நாள் முதல் ஒரு வசனத்தைக்கூட அவள் மாற்றிச் சொன்னதில்லை. இந்த நேரத்தில் ஒரு பொய் சொன்னால் ஸ்மிதா ஜெயித்துவிடலாம். ஒயர்லெஸ் என்றுதான் எழுதியிருக்கிறது என்று சொன்னால் போதும், பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மீதிப் பேர் முன்வரிசையில் இருக்கிறார்களே. படித்துவிட்டு, பொய் என்பார்கள். ஸ்மிதாவின் கேள்வியும் அதோடு பொய்யாகிவிடும்.

"படத்துல உள்ளதைச் சொல்லுதேன்" என்றாள் மைக்கில். "இது எஞ்சின். எஞ்சின் கெட்டது அந்த மொதலாளிக்குத் தெரியும். தெரிஞ்சும் ஆளை அனுப்பினான். 'தெரிஞ்சுதானே அனுப்பினே?'ன்னு பெனெடிட்டா கேக்குதா."

முத்துநாயகம் தலையை ஆட்டினார். "அப்படிச் சொல்லு!"

"ஒயர்லெஸ்ஸைக் கேட்டது பெனெடிட்டா இல்ல. ஸ்மிதா. இப்ப ரெண்டு கேள்வி ஆச்சு. ஒண்ணு படத்துல உள்ளவனுக்கு. கொஞ்சம் பொறுத்தா அவன் பதில் சொல்லுவான், நான் பாத்தாச்சு. மத்தது ஒங்களுக்கு மொதலாளி. அதுக்கு நீங்கதான் சொல்லணும்."

மைக்கை ஸ்மிதாவின் கையில் வைத்தாள்.

டக்!

மெயின் சுவிட்ச் இறங்கியது. திரை செத்தது. மைக் செத்தது. கும்மிருட்டு.

"முடிஞ்சு! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" இருட்டில் முத்துநாயகத்தின் குரல்.

யாரும் எழும்பவில்லை.

"ஒயர்லெஸ் வேலை செஞ்சுதா?" மைக் இல்லாமல் ஸ்மிதா கேட்டாள்.

இடப்பக்கமிருந்து ஒருத்தி கேட்டாள். "ஒயர்லெஸ் வேலை செஞ்சுதா?"

அவளுடைய புருஷன் முத்துநாயகத்தின் படகில் போகிறவன். அடுத்துக் கேட்டவளின் அண்ணன் போகிறவன். பின்னாலிருந்து ஒரு குரல், திரைக்குப் பக்கத்தில் ஒரு குரல். பாட்டுப்போல ஒன்றாக வரவில்லை. ஒவ்வொருத்தியாக, தன் தன் குரலில், தன் வீட்டு ஆளை நினைத்துக்கொண்டு கேட்டார்கள்.

நாகம்மை எட்டித் தார்ப்பாயை இழுத்தாள். கயிறு அறுந்து அது சரிந்து விழுந்தது. மழை வெளிச்சம் கூடத்துக்குள் கொட்டியது. வெளியே கூரை இறவாரத்துக்குக் கீழே ஆண்கள் நின்றிருந்தார்கள். சத்தம் கேட்டு வந்தவர்கள். எல்லோரும் படகு வேலைக்காரர்கள்.

"எலே, நீங்க எதுக்கு இஞ்ச நிக்கியோ? போங்கல!" என்று கத்தினார் முத்துநாயகம்.

அவர்களில் ஒருவன் உள்ளே வந்தான். செல்வதாஸ். முத்துநாயகத்தின் இரண்டாவது படகை ஓட்டுகிற டிரைவர். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் முதலாளியைப் பார்க்கவில்லை, ஸ்மிதாவைப் பார்த்தான்.

"வேலை செய்யல்ல ஸ்மிதா" என்றான். "அந்தப் பயணத்துக்கு முந்தின பயணத்துலயே செய்யல்ல. சுதன் மொதலாளிகிட்ட சொன்னப்ப நானும் பக்கத்துல நின்னேன்."

"எலே செல்வதாஸு!"

"எனக்க படகுலயும் செய்யல்ல" என்றான் செல்வதாஸ். "தடை முடிஞ்சாலும் செட்டு மாத்தாம நான் ஏறமாட்டேன். என்னைக் களைஞ்சிட்டு வேற ஆளைப் பாக்கணும்னா பாத்துக்கிடுங்க."

இறவாரத்தில் நின்றவர்களை முத்துநாயகம் பார்த்தார். வேறு ஆளைத் தேடினார். ஒருவனும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

முன்வரிசைப் பத்திரிகைக்காரர் ஒருவர் எழுந்து, "சார், ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்தார். ஸ்மிதா அவரைத் தாண்டி நடந்தாள். நேரே சுவிட்சுப் பலகைக்கு வந்தாள். முத்துநாயகம் குறுக்கே நின்றார். அவள் நிற்கவில்லை. அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, சுவிட்சை மேலே தள்ளினாள்.

புரொஜக்டர் முனகியது. திரையில் கோயில் முற்றம் மங்கலாகத் திரும்பி வந்தது.

"தார்ப்பாயைப் பிடியுங்கலே" என்றாள் நாகம்மை. இறவாரத்தில் நின்ற ஆண்கள் ஆளுக்கொரு முனையைத் தூக்கிப் பிடித்தார்கள். கூடம் மறுபடி இருட்டியது. ஸ்மிதா மைக்கை ஜஸ்னாவிடம் கொடுத்தாள்.

"எனக்க கேள்வி முடிஞ்சு. இனி அவளுக்குள்ளதைச் சொல்லு."

பிறகு சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, அதைத் திரைக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.

"இரியுங்க மொதலாளி. அந்த ஆளு என்ன பதில் சொல்லுதான்னு நீங்களும் கேளுங்க."

முத்துநாயகம் உட்காரவில்லை. வெளியே போகவும் முடியவில்லை. வாசலில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு செல்வதாஸ் நின்றான்.